ஸ்பாட்டிங் ஸ்கோப் வழியாகப் படம்: கோளாறைப் பார்த்து லென்ஸைக் கண்டுபிடிப்பது எப்படி

ஸ்பாட்டிங் ஸ்கோப் (தூரத்துப் பறவைகளைப் பார்க்கும் தொலைநோக்கி), அதைக் கேமராவோடு இணைக்கும் அடாப்டர், கேமரா எல்லாம் இருந்தும் படம் சரியாக வராதவர்களுக்காக எழுதியது இது. இன்னும் லென்ஸ் வாங்காதவர்களும் படிக்கலாம். ஸ்கோப் படத்தில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி லென்ஸ் கடையிலேயே தொடங்கிவிடுகிறது. சாதாரணப் படப்பிடிப்புக்கு நல்ல லென்ஸ் எது என்று நாம் வைத்திருக்கும் அளவுகோல் இங்கே உதவாது. விலை உயர்ந்த 24-70 ஜூம் தோற்றுப்போகும் இடத்தில் சாதாரண 50 எம்.எம். எஃப்/1.8 ஜெயித்துவிடும். ஏன் என்பது கீழே வரும்.

பேசப்போகும் அமைப்பு இதுதான்: ஸ்கோப்பின் ஐபீஸைக் கழற்றுவதில்லை. நாம் கண் வைக்கும் இடத்தில், லென்ஸ் மாட்டிய கேமரா நிற்கிறது. கணக்குகள் எல்லாம் 80 மி.மீ. முகப்புக் கண்ணாடியும் 20–60 மடங்கு ஜூம் ஐபீஸும் கொண்ட ஸ்கோப்புக்குப் போட்டவை. உங்களுடையது 65 மி.மீ. என்றால் எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் மூன்று எண்கள்

ஒன்று, ஒளிவட்டம். ஸ்கோப்பை வெளிச்சமான வானத்தை நோக்கித் திருப்பி, ஐபீஸுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓர் இடத்தில் மட்டும் சின்னதாக, விளிம்பு கூர்மையாக ஒரு வெளிச்ச வட்டம் விழும். எக்ஸிட் பியூபில் என்பது அதுதான். முகப்பு விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் அதன் அளவு கிடைக்கும்: 20 மடங்கில் 4 மி.மீ., 60 மடங்கில் 1.3 மி.மீ. ஐபீஸ் கண்ணாடியிலிருந்து தாள் வரைக்கும் உள்ள தூரத்தையும் ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பல ஐபீஸ்களில் அது 15 முதல் 20 மி.மீ. வரை இருக்கும். விவரத் தாளில் ஐ ரிலீஃப் என்று போட்டிருப்பதும் இதே தூரம்தான்.

இரண்டு, மொத்தக் குவியத் தூரம். லென்ஸின் எம்.எம். அளவை ஸ்கோப்பின் உருப்பெருக்கத்தால் பெருக்க வேண்டும். 50 எம்.எம். லென்ஸ், 20 மடங்கு என்றால் 1000 எம்.எம். இதை முகப்பு விட்டமான 80-ஆல் வகுத்தால் எஃப்/12.5. உங்கள் உண்மையான எஃப் எண் இதுதான் (எஃப் எண் கூடக் கூட வெளிச்சம் குறையும்). கேமரா திரையில் எஃப்/1.8 என்று காட்டினாலும் அதை நம்பாதீர்கள்.

மூன்று, ஐபீஸ் காட்டும் கோணம். ஸ்கோப் விவரத் தாளில் ‘1000 மீட்டரில் இத்தனை மீட்டர்’ என்று போட்டிருப்பார்கள். அந்த மீட்டரை உருப்பெருக்கத்தால் பெருக்கி 17.5-ஆல் வகுத்தால், கண்ணுக்குத் தெரியும் கோணம் கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். 20 மடங்கில் 36 மீட்டர் என்றால் 41 டிகிரி. அதே ஐபீஸ் 60 மடங்கில் 17 மீட்டர் என்றால் 58 டிகிரி. ஜூம் ஐபீஸில் உருப்பெருக்கம் குறையக் குறையக் கோணமும் சுருங்குகிறது என்பதைக் கவனியுங்கள். பலரும் தடுக்கி விழும் இடம் இது.

படம் வட்டமாக வருகிறது, சுற்றிலும் கருப்பு

கருப்பின் விளிம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருக்கிறதா, புகைபோல் மெல்ல மெல்ல இருட்டுகிறதா? இரண்டும் வேறு வேறு நோய். மருந்தும் வேறு.

விளிம்பு கூர்மையாக இருந்தால் நீங்கள் பார்ப்பது காட்சியின் எல்லையை வகுக்க ஐபீஸுக்குள் இருக்கும் ஃபீல்டு ஸ்டாப் வளையத்தை. ஐபீஸ் காட்டும் கோணத்தைவிட லென்ஸ் பார்க்கும் கோணம் அகலம் என்று அர்த்தம். அடாப்டரை எவ்வளவு முன்னும் பின்னும் தள்ளினாலும் இது போகாது. பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவில் மூலைக்கு மூலை 28 எம்.எம். லென்ஸ் 75 டிகிரியும், 35 எம்.எம். 63 டிகிரியும், 50 எம்.எம். 47 டிகிரியும் பார்க்கின்றன. மேலே சொன்ன ஜூம் ஐபீஸ் 20 மடங்கில் 41 டிகிரிதான் காட்டும். ஆக 50 எம்.எம். போட்டாலும் 20 மடங்கில் மூலைகள் கொஞ்சம் வெட்டுப்படும். இதற்காக லென்ஸை மாற்ற வேண்டாம். ஐபீஸை 25 அல்லது 30 மடங்குக்குத் திருப்புங்கள், மூலைகள் தெளிந்துவிடும். 28 எம்.எம். மாட்டியிருந்தால் எந்த உருப்பெருக்கத்திலும் தீராது. நீளமான லென்ஸ் வேண்டும், அல்லது படத்தை நடுவில் வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும்.

25–50 மடங்கு அகலக் கோண ஐபீஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. 25 மடங்கில் 42 மீட்டர் காட்டும் ஐபீஸ் என்றால் 60 டிகிரி. 50 எம்.எம்.முக்குத் தாராளம், 40 எம்.எம்.கூடப் போடலாம்.

புகைபோன்ற விளிம்பு என்றால் கதை வேறு. ஸ்கோப்பின் ஒளிவட்டமும் லென்ஸின் துளையும் ஒரே இடத்தில் சந்திக்கவில்லை. லென்ஸை முன்பக்கமாக உற்றுப் பார்த்தால் உள்ளே அபர்ச்சர் துளை ஓர் ஆழத்தில் இருப்பதுபோல் தெரியும். அந்தத் தோற்றத் துளைக்கு என்ட்ரன்ஸ் பியூபில் என்று பெயர். ஒளிவட்டம் சரியாக அந்த ஆழத்தில் போய் விழுந்தால் மூலை வரைக்கும் வெளிச்சம் சீராக வரும்.

துளை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று வீட்டிலேயே அளக்கலாம். லென்ஸை மேஜைமேல் முகம் மேலே பார்க்கும்படி நிறுத்துங்கள். அதன் உடலை ஒட்டி வெளியே ஒரு பென்சிலை நேராகப் பிடித்து, மேலிருந்து பார்த்தபடி தலையைப் பக்கவாட்டில் அசையுங்கள். பென்சில் முனையும் துளையும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நகர்ந்தால் பென்சிலைக் கீழே இறக்குங்கள் அல்லது ஏற்றுங்கள். தலையை அசைத்தாலும் இரண்டும் சேர்ந்தே அசைகிற உயரம் ஒன்று வரும். பென்சில் முனை நிற்கும் அந்த உயரம்தான் துளை இருக்கும் இடம். லென்ஸின் முன் கண்ணாடியிலிருந்து அதுவரை எத்தனை மி.மீ. என்று அளந்துகொள்ளுங்கள்.

இப்போது கழித்தல் கணக்கு. ஐபீஸின் ஐ ரிலீஃப் 18 மி.மீ., துளை ஆழம் 12 மி.மீ. என்றால் இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே 6 மி.மீ. இடைவெளி விட வேண்டும். ஐபீஸின் ரப்பர் கண்குவளையைத் திருகி ஏற்றி இறக்கியோ, அடாப்டர் குழாயை நகர்த்தியோ இதைக் கொண்டுவரலாம். ஆழம் 28 மி.மீ. என்றால் கண்ணாடியோடு கண்ணாடி ஒட்டினாலும் 10 மி.மீ. பற்றாக்குறை. முன் கண்ணாடி உள்வாங்கி இருக்கும் மேக்ரோ லென்ஸ்களும், துளை வெகு ஆழத்தில் இருக்கும் 24-70, 70-200 வகை ஜூம்களும் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. திருகு அளவைப் பொருத்தும் ஸ்டெப் அப் வளையங்களை அடுக்கினால் ஒவ்வொன்றும் சில மி.மீ. கூட்டிப் பற்றாக்குறையை இன்னும் மோசமாக்கும்.

அப்படியானால் 50 எம்.எம். எஃப்/1.8 மட்டும் எப்படித் தப்பிக்கிறது? அதன் துளையும் ஆழமாகத்தானே இருக்கிறது? துளை அகலம் என்பதால் தப்பிக்கிறது. 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 28 மி.மீ. துளை. ஒளிவட்டமோ 4 மி.மீ. இடம் 10 மி.மீ. தவறினால், மூலைக்குப் போகும் ஒளிக்கற்றை துளைக்கு வரும்போது நடுவிலிருந்து 4.3 மி.மீ. விலகியிருக்கும். அதன் சொந்த ஆரம் 2 மி.மீ.யையும் சேர்த்தால் 6.3. ஆக 12.6 மி.மீ. அகலத் துளை இருந்தாலே போதும், அதாவது எஃப்/4. முழுக்கத் திறந்த எஃப்/1.8 லென்ஸ் இதைச் சிரமமில்லாமல் விழுங்கிவிடும். இதையே 18-55 கிட் ஜூமில், 35 எம்.எம். எஃப்/4.5-இல் போட்டுப் பாருங்கள். துளை 8 மி.மீ.கூட இல்லை. 4 அல்லது 5 மி.மீ. தவறினாலே மூலை இருட்டத் தொடங்கும்.

அதனால் அபர்ச்சரை எப்போதும் முழுக்கத் திறந்தே வையுங்கள். அபர்ச்சர் பிரையாரிட்டியில் மிகச் சிறிய எஃப் எண். ‘கூர்மை கூடட்டும்’ என்று எஃப்/8-க்குச் சுருக்கினால் கூர்மை கூடாது. லென்ஸில் 4 மி.மீ. பகுதி வழியாகத்தான் ஒவ்வொரு கற்றையும் போகிறது, லென்ஸ் ஏற்கெனவே சுருங்கியே வேலை செய்கிறது. சுருக்குவதால் மூலையில் நிழல்தான் மிஞ்சும்.

ஜூம் ஐபீஸில் ஒரு தொல்லை கூட உண்டு: பலவற்றில் உருப்பெருக்கத்தை மாற்றும்போது ஐ ரிலீஃபும் மாறும். 30 மடங்கில் சரிசெய்த இடைவெளி 50-இல் நிழல் கொடுத்தால் அடாப்டரைக் குறை சொல்ல வேண்டாம். அதிகம் பயன்படுத்தும் உருப்பெருக்கத்துக்கு இடைவெளியைப் பொருத்தி அங்கேயே நில்லுங்கள்.

நிழல் ஒரு பக்கம் மட்டும், பிறைபோல

லென்ஸின் அச்சும் ஸ்கோப்பின் அச்சும் ஒன்றின்மேல் ஒன்று இல்லை. பெரும்பாலும் கேமராவின் எடையில் அடாப்டர் தொங்கியிருக்கும். கேமராவின் திரையில் தெரியும் லைவ் வியூவைப் பார்த்தபடி கேமராவை ஒரே விரலால் மேலே, கீழே, இடது, வலது என்று மெல்லத் தள்ளிப் பாருங்கள். எந்தப் பக்கம் தள்ளும்போது நிழல் மறைகிறதோ அந்தப் பக்கம்தான் திருத்தம் வேண்டும். குழாய் அடாப்டர் ஐபீஸில் லொடலொடவென்று உட்கார்ந்தால் ஐபீஸின் உடலில் மின்வேலைக்குப் பயன்படும் கருப்பு டேப்பைச் சுற்றுங்கள். ஒரு சுற்றுக்குச் சுமார் 0.15 மி.மீ. தடிக்கும், இரண்டு மூன்று சுற்றில் இறுகிவிடும். பூட்டுத் திருகுகள் மூன்று இருந்தால் ஒன்றை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வந்து முறுக்கினால்தான் நடுவில் நிற்கும்.

கனமான லென்ஸ் என்றால் டேப் காப்பாற்றாது. கேமராவையும் ஸ்கோப்பையும் ஒரே நீளமான தட்டில் தாங்க வேண்டும். லென்ஸ் 200 கிராமுக்குள் இருந்தால் இந்தச் செலவே வராது.

ஃபோகஸ் செய்யும்போது நிழல் வந்து போகிறது

லென்ஸின் முன்பகுதி ஃபோகஸுக்காக நீண்டு சுருங்குகிறது. இடைவெளி ஒவ்வொரு முறையும் மாறுகிறது. மோசமான நிலையில் முன்குழாய் அடாப்டரை முட்டி, மோட்டார் திணறும். ஃபில்டர் திருகில் அடாப்டரை மாட்டி, அந்தத் திருகே நகரும் குழாயில் இருந்தால், கேமராவின் முழு எடையையும் அந்தச் சின்ன மோட்டார் இழுக்கிறது என்று பொருள். நீண்ட நாள் தாங்காது.

தற்காலிக வைத்தியம், லென்ஸை மேனுவலில் முடிவிலிக்கு நிறுத்திவிட்டு ஃபோகஸ் எல்லாவற்றையும் ஸ்கோப்பின் குமிழிலேயே செய்வது. நிரந்தர வைத்தியம், உள்ளுக்குள்ளேயே ஃபோகஸ் ஆகும் லென்ஸ். ஸ்கோப் வழியாகப் படம் எடுக்கும் முறை பரவத் தொடங்கிய 1999-ஐ ஒட்டிய காலத்தில், மலேசியாவின் லாரன்ஸ் போ போன்ற முன்னோடிகள் நிக்கான் கூல்பிக்ஸ் 950, 990 வகைக் கேமராக்களை விரும்பியதற்கும் இதே காரணம் உண்டு. அவற்றின் ஜூம் உடலுக்குள்ளேயே நகரும், முகப்பில் 28 மி.மீ. திருகு இருக்கும், முன் கண்ணாடி ஐபீஸின் அளவுதான். இன்று லென்ஸ் தேடும்போதும் இந்த மூன்று குணங்களைத் தேடினால் வழி தப்பாது.

படம் இருட்டு, ஐஎஸ்ஓ எகிறுகிறது

உண்மை எஃப் எண்ணைக் கணக்குப் போடுங்கள். 20 மடங்கில் 50 எம்.எம். என்றால் எஃப்/12.5. அதே லென்ஸோடு 60 மடங்குக்குப் போனால் 3000 எம்.எம்., எஃப்/37.5. வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். 85 எம்.எம். லென்ஸ் போட்டால் 20 மடங்கிலேயே எஃப்/21. எஃப்/1.4 லென்ஸ் வாங்கினால் வெளிச்சம் கூடுமா என்ற கேள்வி அடிக்கடி வரும். துளி கூடக் கூடாது. கிடைக்கும் வெளிச்சம் முழுவதும் 4 மி.மீ. வட்டத்துக்குள் அடங்கிவிட்டது. எஃப்/1.8-க்கும் எஃப்/1.4-க்கும் நடுவே உள்ள விலை வித்தியாசத்தில் நல்ல ட்ரைபாட் தலை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

எதிர்பார்க்க வேண்டிய அளவு இது: உச்சி வெயிலில் எஃப்/12.5, ஐஎஸ்ஓ 800 என்றால் ஷட்டர் 1/1300 வரை கிடைக்கும். மேகமூட்டத்தில் மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) குறைந்து 1/160. அதற்கும் கீழே வந்தால் உருப்பெருக்கத்தைக் குறையுங்கள், ஐஎஸ்ஓவை ஏற்றுவது அதற்குப் பிறகுதான்.

ஆட்டோ ஐஎஸ்ஓ பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் மாற்ற வேண்டும். மாட்டியிருப்பது 50 எம்.எம். என்றுதான் கேமராவுக்குத் தெரியும். அதனால் குறைந்தபட்ச ஷட்டர் ‘ஆட்டோ’வில் இருந்தால் 1/60-க்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். 1000 எம்.எம். குவியத் தூரத்துக்கு அது எந்த மூலைக்கும் போதாது. குறைந்தபட்சத்தைக் கையால் 1/500 என்று போடுங்கள்.

எங்குமே கூர்மை இல்லை

மூன்று சந்தேக நபர்கள்: ஃபோகஸ், அதிர்வு, காற்று. ஒரே காட்சியைத் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுத்துக் கணினியில் நூறு சதவீதத்தில் பாருங்கள்.

பறவைக்கு முன்னால் இருக்கும் புல்லோ பின்னால் இருக்கும் சேறோ கூர்மையாக இருந்தால் ஃபோகஸ். கோடுகள் ஒரே திசையில் இரட்டையாகத் தெரிந்தால் அதிர்வு. ஒரு படத்தில் தலை தெளிவு, கால் குழப்பம், அடுத்த படத்தில் கால் தெளிவு, தலை குழப்பம் என்று மாறி மாறி வந்தால் காற்றின் வெப்ப அலை. கோடியக்கரை உப்பளங்களில் காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் எந்த லென்ஸைக் கொண்டுபோனாலும் தூரத்துப் பூநாரை அலையத்தான் செய்யும். விடியலில் போவது, பறவைக்கு அருகே உட்காருவது, தரையைவிட்டு உயரமாக நிற்பது மட்டுமே வழி.

ஃபோகஸ் என்றால் வரிசை முக்கியம். அடாப்டரிலிருந்து கேமராவைக் கழற்றி, தூரத்துக் கோபுரம் ஏதாவது ஒன்றில் லென்ஸை ஆட்டோஃபோகஸ் செய்யுங்கள். பிறகு மேனுவலுக்கு மாற்றி அப்படியே விட்டுவிடுங்கள். லென்ஸ் முடிவிலியில் நிற்கிறது. இனி ஸ்கோப்பில் மாட்டி, லைவ் வியூவை 5 அல்லது 10 மடங்கு பெரிதாக்கி, ஸ்கோப் குமிழால் ஃபோகஸ் செய்யுங்கள். மின்மோட்டாரால் இயங்கும் ஃபோகஸ் வளையம் உள்ள லென்ஸ்களில் பல, கேமராவை அணைத்துப் போட்டால் இடத்தை மறந்துவிடும். ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். ஆட்டோஃபோகஸையே நம்புவதானால் உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆரில் வியூஃபைண்டர் வழியாக முயல வேண்டாம். அந்த உணரிகள் எஃப்/5.6 அல்லது எஃப்/8 வரைதான் வேலை செய்யும், இங்கே இருப்பது எஃப்/12.5. லைவ் வியூவில் மட்டும் முயலுங்கள். அப்போதும் ஸ்கோப் குமிழால் கிட்டத்தட்டச் சரியாக்கிவிட்டு, மீதிச் சின்னத் திருத்தத்தை மட்டும் லென்ஸிடம் விடுங்கள்.

கிட்டப்பார்வை உள்ளவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஸ்கோப்பை ஃபோகஸ் செய்து, பிறகு கேமராவை மாட்டினால் படம் கட்டாயம் மங்கும். அவர் கண்ணின் குறையைச் சேர்த்தே ஸ்கோப் திருத்தப்பட்டிருக்கிறது, கேமராவுக்கு அந்தக் குறை கிடையாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டே ஃபோகஸ் செய்யுங்கள்.

அதிர்வு என்றால் ஷட்டரைக் கையால் தொடாதீர்கள். ரிமோட் அல்லது 2 விநாடி டைமர், எலக்ட்ரானிக் முன்திரை ஷட்டர், டிஎஸ்எல்ஆரில் கண்ணாடியை முன்கூட்டியே உயர்த்துவது. லென்ஸிலும் உடலிலும் உள்ள ஸ்டெபிலைசரை ட்ரைபாடில் அணைத்துவிடுங்கள். 50 எம்.எம். என்று நினைத்துக்கொண்டு அது செய்யும் திருத்தம் 1000 எம்.எம். ஆட்டத்துக்குப் போதாது. கேமரா மாட்டியதும் ஸ்கோப்பின் எடை பின்னால் சாய்கிறது. ட்ரைபாட் தலையின் பூட்டைத் தளர்த்தினால் ஸ்கோப் அண்ணாந்து பார்க்கிறது என்றால் சமநிலை கெட்டிருக்கிறது. நீளமான தட்டுப் போட்டு ஸ்கோப்பை முன்னுக்குத் தள்ளுங்கள்.

மூன்றும் இல்லை, ஆனாலும் நூறு சதவீதத்தில் மழுங்கலா? உண்மை எஃப் எண்ணைத் திரும்பப் பாருங்கள். எஃப்/16-ஐத் தாண்டினால் ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதே (டிஃப்ராக்ஷன்) நுணுக்கத்தைத் தின்னத் தொடங்கும். அதற்குமேல் உருப்பெருக்கினால் பறவை பெரிதாகும், இறகு தெளியாது.

நடு கூர்மை, ஓரம் மங்கல்

நான்கு ஓரமும் ஒரே அளவு மங்கினால் ஐபீஸின் குவியத் தளம் வளைந்திருக்கிறது. லென்ஸை மாற்றிப் பயனில்லை, பறவையை நடுவில் வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் கேமரா சாய்ந்திருக்கிறது. பிறை நிழலுக்குச் சொன்ன வைத்தியம்தான்.

வெளிறிப்போன படம், நடுவில் ஒளித்திட்டு

ஐபீஸுக்கும் லென்ஸுக்கும் இடையே பக்கவாட்டு வெளிச்சம் புகுகிறது. லென்ஸில் யூவி ஃபில்டர் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். ஐபீஸ் கண்ணாடியும் ஃபில்டரும் எதிரெதிரே நின்று ஒளியைத் திருப்பித் திருப்பி அனுப்பும். பிறகு இணைப்பைச் சுற்றிக் கருப்புத் துணியைச் சுற்றிப் பாருங்கள். குறை தீர்ந்தால் அந்த இடத்துக்கு ரப்பர் வளையம் ஒன்று போட்டு மூடிவிடலாம்.

கருப்புப் புள்ளிகள்

எஃப்/12.5-இல் சென்சார் தூசி எல்லாம் வெளியே வந்து நிற்கும். அடாப்டரில் கேமராவை மட்டும் கால் சுற்றுத் திருப்பி வானத்தைப் படம் எடுங்கள். புள்ளி படச் சட்டத்தில் அதே இடத்தில் இருந்தால் சென்சாரிலோ லென்ஸிலோ அழுக்கு. இடம் மாறினால் ஐபீஸில்.

வெள்ளைக் கொக்கின் விளிம்பில் ஊதா

கேமரா லென்ஸ் நிரபராதி. இது ஸ்கோப் முகப்புக் கண்ணாடியின் குணம். நிறச் சிதறலைக் குறைக்கும் ஈடி கண்ணாடி இல்லாத ஸ்கோப்புகளில் அதிகம் தெரியும். எக்ஸ்போஷரை 2/3 ஸ்டாப் குறைத்தால் ஊதாவும் அடங்கும், கொக்கின் இறகும் வெளுத்துப்போகாது.

சரி, எந்த லென்ஸ்?

ஸ்கோப் நிறுவனமான சுவரோவ்ஸ்கியின், கேமரா லென்ஸே தேவைப்படாத டிஎல்எஸ் ஏபிஓ அடாப்டர் மூன்று அளவில் வந்தது: சிறிய சென்சாரான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு 23 எம்.எம்., நடுத்தரமான ஏபிஎஸ்-சிக்கு 30, பெரிய ஃபுல் ஃபிரேமுக்கு 43. மூன்றுமே அந்தந்த சென்சாரின் மூலைவிட்ட நீளத்தை ஒட்டிய எண்கள். கோணம் 50 முதல் 53 டிகிரிக்குள் விழும். அகலக் கோண ஐபீஸுக்கு இது அருமையான அளவு. சாதாரண 20–60 ஜூம் ஐபீஸ் என்றால் இதைவிட ஒரு படி நீளமாகப் போங்கள்.

மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் பானசோனிக் 20 எம்.எம். எஃப்/1.7 சின்னது, அகலக் கோண ஐபீஸோடு நன்றாகப் போகும். ஜூம் ஐபீஸ் என்றால் 25 எம்.எம். எஃப்/1.8 வகை. ஏபிஎஸ்-சியில் 35 எம்.எம். எஃப்/1.8 தான் எங்கள் முதல் பரிந்துரை. நிக்கானின் டிஎக்ஸ் 35, சோனியின் ஏபிஎஸ்-சி 35 இரண்டிலும் ஃபோகஸின்போது முன்பகுதி நகராது. ஃபில்டர் திருகு முறையே 52, 49 மி.மீ. என்பதால் அடாப்டர் கிடைப்பதும் எளிது. ஃபுல் ஃபிரேமில் 50 எம்.எம். எஃப்/1.8, அல்லது கேனான் 40 எம்.எம். எஃப்/2.8 எஸ்டிஎம். கேனான் 40-இன் தடிமன் 23 மி.மீ.தான், துளை முன்னுக்கே இருக்கும். அதே 40-ஐ ஏபிஎஸ்-சி உடலில் போட்டால் 37 டிகிரிதான், 20 மடங்கு ஜூம் ஐபீஸின் 41-க்குள்ளும் அடங்கிவிடும். கேனானின் 50 எம்.எம். எஃப்/1.8 எஸ்டிஎம்மில் உள்குழாய் நீளும், முடிவிலியில் நிறுத்திப் பயன்படுத்துங்கள்.

கடைக்குப் போகும்போது ஸ்கோப்பின் ஐபீஸ் கழலக்கூடியது என்றால் அதைக் கையோடு கொண்டுபோங்கள். பென்சில் சோதனையை அங்கேயே செய்து, ஐ ரிலீஃபோடு கழித்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுக்கலாம்.

கைபேசியில் மட்டும் வரும் கோளாறுகள்

கைபேசி லென்ஸின் துளை முன்னாலேயே இருப்பதால் இடைவெளி பிரச்சினை குறைவு. ஆனால் துளையே 3 முதல் 4 மி.மீ.தான், ஒளிவட்டத்தின் அளவு. தாராளம் என்பதே கிடையாது. அரை மி.மீ. நகர்ந்தாலும் நிழல் விழும். கையால் பிடித்து எடுக்காமல் இறுகப் பிடிக்கும் அடாப்டர் வாங்குங்கள். முதன்மைக் கேமரா 26 எம்.எம்.முக்குச் சமம், கோணம் 80 டிகிரிக்குப் பக்கம். அதனால் 1 மடங்கில் கூர்மையான கருப்பு வட்டம் வந்தே தீரும். திரையில் 2 மடங்கு வைத்தால் 45 டிகிரி, வட்டம் கிட்டத்தட்ட மறையும்.

திடீரென்று படமே மறைந்து அடாப்டரின் உட்சுவர் தெரிகிறதா? ஐபீஸ் மிக அருகில் இருப்பதைப் பார்த்துக் கைபேசி தானாக மேக்ரோவுக்குப் போய், பக்கத்திலிருக்கும் அகலக் கோணக் கேமராவுக்கு மாறிவிட்டது. அமைப்புகளில் தானியங்கி மேக்ரோவை அணைத்துவிடுங்கள். 3 மடங்கு டெலி கேமராவுக்கு அடாப்டரைப் பொருத்தியிருப்பவர்களுக்கு இதன் மறுபக்கம் வரும்: வெளிச்சம் குறைந்ததும் கைபேசி சொல்லாமல் முதன்மைக் கேமராவுக்குத் தாவிவிடும். எந்தக் கேமரா இயங்குகிறது என்று சந்தேகம் வந்தால் ஒவ்வொன்றையும் விரலால் மூடிப் பாருங்கள். எதை மூடினால் திரை இருட்டுகிறதோ அதற்கு நேராக ஐபீஸின் நடு இருக்க வேண்டும். லென்ஸைப் பூட்டி வைக்கும் வசதியுள்ள கேமரா செயலியில் அதைப் பூட்டிவிட்டு, பிறகு அடாப்டரை இறுக்குங்கள்.